தேளி என்றொரு மீனும் தேய்ந்துவரும் ஒரு சொல்லும்

(கம்பம் பள்ளத்தாக்கில் தமிழன்பர் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மொழிகாப்புக்கெனக் கூடிய அவையில் ஒருவன் எழுந்து நின்று, மீனைப் பற்றிப் பேசப்போகின்றேன் என்றால் உங்களிற் சிலர்க்கு நகை தோன்றலாம். ஆட்சிமொழி பற்றிப் பேசலாம். கல்விமொழி பற்றிப் பேசலாம். சேற்றில் கிடக்கும் ஒரு கருமீனுக்கும் மொழிக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவு உண்டு. பெயர் என்பது ஒரு பொருளைச் சுற்றி நாம் இட்ட வேலி. வேலி சாய்ந்த கொல்லையில் எந்த மாடும் புகுந்து மேயும். நம் குளத்து மீனொன்றின் பெயர் நம் நாவிலிருந்து நழுவி வருகின்றது. அந்த இடைவெளியில், அரசே தடைசெய்த அயல்மீன் ஒன்று புகுந்து நம் பிள்ளைகளின் உண்கலம் வரை வந்துவிட்டது. அச்செய்தியைத்தான் இன்று உங்கள்முன் வைக்கப் போகின்றேன்.

அம்மீனின் பெயர் தேளி. இங்குள்ள முதியோர் பலர் அதைக் கையால் பிடித்திருப்பீர்கள்; குத்தும் பட்டிருப்பீர்கள். இளைஞருள் எத்தனை பேர் அதன் பெயரை அறிவீர்கள் என்பதை உங்கள் உள்ளத்துக்கே விட்டுவிடுகின்றேன்.

ஒரு சாண் நீளம், பெரிதானால் ஓரடி. ஈயக் கருமையோடு செம்மை கலந்த மேனி, செதில் இல்லை, வழுவழுப்பு மிகுதி. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று நம் மக்கள் சொல்வதற்கு இதனினும் பொருத்தமான மீன் வேறில்லை. தட்டையான தலை; வாயைச் சுற்றி நான்கு இணை மீசைகள். முதுகில் சிறியதாய் ஒரே துடுப்பு. அடிவயிற்றில் வால்வரை நீண்டோடும் துடுப்பு. மார்பின் இருபுறத்தும் இரண்டு கூரிய முட்கள். அம்முட்களில் நஞ்சு உண்டு. குத்தினால் கடுக்கும், வீங்கும், சிலர்க்குக் காய்ச்சலும் வரும். கடுப்புத் தணியப் பொறுக்கக்கூடிய வெந்நீரில் கையை வைத்திருக்க வேண்டும். மீறினால் மருத்துவரிடம் போக வேண்டும்.

இந்த மீனைக் கண்ட நம் முன்னோர் என்ன பெயர் வைத்தனர்? தேள் கொட்டுவதுபோற் கொட்டுவதால் தேளி என்றனர். தேள் என்னும் சொல்லோடு இகரம் ஒன்றைச் சேர்த்தனர், பெயர் பிறந்தது. ஈரெழுத்துச் சொல்தான். அதற்குள் ஓர் எச்சரிக்கையும் இருக்கின்றது. ஒரு மருத்துவக் குறிப்பும் இருக்கின்றது. பெயரைக் கேட்ட சிறுவன் கையை நீட்டுமுன் ஒருகணம் தயங்குவான். பெயர் என்றால் இப்படி அன்றோ இருக்க வேண்டும்!

இனி இம்மீனின் பெருஞ்சிறப்புக்கு வருகின்றேன். மீன் என்றால் நீரில் கரைந்த உயிர்வளியைச் செவுளால் ஈர்த்து வாழ்வது என்று படித்திருக்கின்றோம். தேளிக்குச் செவுளும் உண்டு. அதற்கு மேலும் ஒன்று உண்டு. செவுளறையிலிருந்து புறப்பட்டு, முதுகெலும்பின் இருபுறமும் தசைக்குள் புதைந்து, வாலை நோக்கி நெடுக ஓடும் இரண்டு மூச்சுப்பைகள் அதற்கு இருக்கின்றன. தேளி அவ்வப்போது நீர்மேல் எழுந்து வாயால் காற்றை விழுங்கி அப்பைகளை நிரப்பிக்கொண்டு மீண்டும் அடியில் இறங்கிவிடும். நீர் வற்றிக் குட்டையாகி, குட்டை வெந்து சேறாகி, மற்ற மீன்களெல்லாம் வெள்ளை வயிறு காட்டி மிதக்கும் கோடையிலும் தேளி உயிரோடிருப்பது இதனால்தான். உயிர்வளி குறைந்த அத்தகைய நீரில் மேலெழ விடாமல் அதைத் தடுத்தால், மீனாய்ப் பிறந்தும் நீருக்குள்ளேயே மூச்சுத்திணறி இறந்துபோம். ஈரச்சேற்றில் புதைந்து கிடந்து மழைக்குக் காத்திருக்கவும் அதற்குத் தெரியும்.

அன்பர்களே, இவ்விடத்தில் ஒரு வரலாற்றுச் செய்தி. தேளியை அறிவியலுலகுக்கு முதன்முதல் பெயரிட்டுப் பதிவு செய்தவர் மார்க்கசு எலியேசர் புளோக்கு என்னும் பெர்லின் நகரத்து மருத்துவர், மீனியல் பேரறிஞர். ஆண்டு 1794. அவர் ஆய்ந்த மீன் எங்கிருந்து போயிற்றுத் தெரியுமா? நம் தரங்கம்பாடியிலிருந்து! ஆம், உலகத்தின் எந்த மூலையிலுள்ள ஆய்வாளனும் தேளியின் மூல இருப்பிடம் எது என்று தேடினால் தமிழகத்துக் கடற்கரை ஊரொன்றின் பெயரையே காண்பான். புளோக்கு அதற்குப் 'பொசிலிசு' என்னும் இலத்தீன் அடையை அளித்தார். தோண்டி எடுக்கப்பட்டது என்பது அதன் பொருள். சேற்றைத் தோண்டி எடுக்கும் மீன் என்னும் குறிப்பு அதில் இருக்கின்றது.

அதன்பின் 1822இல் கங்கையாற்று மீன்களைப் பற்றி நூல் எழுதிய பிரான்சிசு ஆமில்டன் என்னும் மருத்துவர், வங்காள மக்கள் வழங்கிய சொற்களையே எடுத்து மீன்களுக்கு அறிவியற் பெயர்களாக இட்டார். தேளியை அவர்கள் சிங்கி என்பார்கள். அது 'சிங்கியோ' ஆயிற்று. தேளிக்கு உறவான இன்னொரு மீனை மாகுர் என்பார்கள். அது அப்படியே 'மாகுர்' என நிலைத்துவிட்டது. இன்றும் உலக நூல்களில் அதுவே வழங்குகின்றது. பார்த்தீர்களா? வங்காளியின் நாவில் வாழ்ந்த சொல் உலகத்தின் ஏட்டில் ஏறியது. தமிழ்நீரில் பிடித்த மீனோ தன் தமிழ்ப்பெயரில்லாமலே உலகேட்டில் நிற்கின்றது. இதற்கு யாரையும் நாம் பழிக்க வேண்டுவதில்லை. ஏட்டில் ஏறாமற் போனது போகட்டும். நாவிலிருந்தும் இறங்கிவிடலாமா என்பதே நம் கேள்வி.

இப்போது நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். 1895ஆம் ஆண்டில் பென்னிக்குவிக்கு கட்டிமுடித்த பெரியாற்று அணையிலிருந்து, மலையைக் குடைந்த சுரங்க வழியாக வரும் நீர் நம் முல்லையாற்றில் கலக்கின்றது. சுருளியும் வந்து சேர்கின்றது. அணைநீரால் இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபூ விளைகின்றது. உங்கள் வழக்கில் இருபோகம். கூடலூர் ஒட்டான்குளமும், கம்பம் வீரப்பநாயக்கன்குளமும், போடியின் மீனாட்சியம்மன் கண்மாயும், இன்னும் ஊர்தோறும் கிடக்கும் குளங்களும் கண்மாய்களும் இவ்வூர்களின் உயிர்நிலைகள். ஓடும் ஆற்றைவிட, நின்று தேங்கும் குளமும் வயலும் வாய்க்காலும் சேறுமே தேளிக்கு உவந்த இடங்கள். புதுமழை நீர் வந்து கரையோரம் ஆழங்குறைந்து பரவுங்காலத்தில் அது முட்டையிடும். வயல்நீரில் குஞ்சுகள் வளரும். அறுவடைக்கு நீர் வடிக்கும்போது வாய்மடையில் பறியை வைத்தால் கெண்டையும் குறவையும் கெளுத்தியும் தேளியும் சேர்ந்து விழும்.

இங்கே உழைக்கும் மக்களின் உணவை நினைத்துப் பாருங்கள். பனிக்கட்டி இல்லாத காலம். கடல் மலைக்கப்பால் கிடக்கின்றது. கடல்மீன் என்றால் கருவாடுதான். நாற்று நட்டுக் களையெடுத்துக் கூலி பெற்ற குடும்பத்துக்குக் காசு கொடாமல் கிடைத்த ஊன் குளத்துமீனே. அதிலும் காற்றை மூச்சாக ஈர்க்கும் தேளியையும் வராலையும் பானையில் சிறிது நீர் ஊற்றிப் போட்டுவைத்தால், மறுநாளும் அதற்கடுத்த நாளும் உயிரோடிருக்கும். தேவைப்பட்ட பொழுது எடுத்துச் சமைக்கலாம். ஏழையின் வீட்டில் குளிர்ப்பெட்டி இல்லை. ஆனால் மீனின் முதுகுக்குள்ளேயே இயற்கை ஒரு மூச்சுப்பையை வைத்து அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது.

சமைக்கும் முறையைத் தாய்மார்கள் அறிவீர்கள். முதலில் முள்ளை ஒடித்துவிட வேண்டும். பிறகு சாம்பலும் கல்லுப்பும் போட்டுச் சொரசொரப்பான கல்லில் தேய்த்தால் வழுவழுப்பு நீங்கி மேனி வெளுக்கும். மஞ்சள் பூசிக் கழுவி, புளியும் மிளகும் சின்ன வெங்காயமும் பூண்டும் கூட்டி மண்சட்டியில் வைத்த குழம்பு, மறுநாள் கூழுக்கும் சோற்றுக்கும் இன்னும் சுவை கூடும். தேளிக்குச் சதைநடுவே சிறுமுள் மிகுதி இல்லை. ஆதலால் சிறுவர்க்கும் முதியோர்க்கும் அஞ்சாமல் ஊட்டலாம்.

வங்காளத்தில் நோயிலிருந்து எழுந்தவர்க்கும், குருதி குறைந்தவர்க்கும், பிள்ளை பெற்ற தாயர்க்கும் தேளியையும் மாகுரையும் இளஞ்சாறாகக் காய்ச்சிக் கொடுப்பது வழிவழி வழக்கம். கொழுப்புக் குறைவு, புரதமும் இரும்பும் மிகுதி, எளிதில் செரிக்கும் என்பன அவர்கள் பட்டறிவால் கண்டவை, இன்றைய உணவியலும் ஒப்புபவை. அங்கே சந்தையில் இம்மீனுக்கு மற்ற மீன்களைவிட உயர்ந்த விலை. இங்கேயோ செதில் இல்லாத கருமீன், சேற்றுமீன் என்று ஒதுக்குவாரும் உளர். பிகார் மாநிலம் மாகுரைத் தன் மாநில மீனாகவே ஏற்றுப் போற்றுகின்றது. நாம் நம் மீனின் பெயரையே மறக்கின்றோம்.

இனி அந்த வேலிதாண்டிய விருந்தாளியின் கதை.

தென்னாப்பிரிக்காவில் ஓர் ஆறு ஓடுகின்றது. அந்நாட்டுப் பழங்குடியினர் அதனை காரிப்பு என்பர். அவ்வாற்றின் பெயரால் 'காரிப்பினசு' என்று அறிவியலார் பெயரிட்ட பெருமீன் ஒன்று உண்டு. நாம் இங்கே ஆப்பிரிக்கக் கெளுத்தி என்கின்றோம். ஐந்தடி வரை வளரும். அதுவும் காற்றை மூச்சாக ஈர்க்கும். ஆனால் தேளியைப்போல் பைகளால் அன்று, செவுளுக்கு மேலே மரக்கிளைபோல் கிளைத்த உறுப்பால். மாகுரும் அவ்வகையைச் சேர்ந்ததே. அப்பெருமீன் சிறுமீன், தவளை, நத்தை, பூச்சி, செடி, அழுகல் எதையும் விடாமல் உண்ணும். நீர் கெட்டாலும் சாகாது. மழையிரவில் ஈரத்தரையில் ஊர்ந்து அடுத்த நீர்நிலைக்குப் போகவும் வல்லது.

இம்மீன்மேல் நமக்குப் பகையில்லை. அம்மண்ணின் மக்கள்மேலும் பகையில்லை. தன் ஆற்றில் அது தன் இடத்தில் நிற்கின்ற நல்ல உணவுமீன். அதன் பெருக்கத்தைத் தடுக்கும் முதலையும் பறவையும் வேட்டைமீனும் அங்கே உண்டு. இங்கே அவ்வாறில்லை. 1990களில் வங்காளதேசத்தின் வழியாகக் கள்ளத்தனமாக இந்நாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. விரைந்து வளர்கின்றது, கோழிக்கழிவும் இறைச்சிக்கழிவும் போட்டாலே பெருக்கின்றது, ஆகவே ஆதாயம் தேடியவர்கள் குழிவெட்டி வளர்த்தனர். கேட்டை உணர்ந்த இந்திய அரசு 1997ஆம் ஆண்டின் இறுதியில் அம்மீனை அழிக்குமாறு மாநிலங்களுக்கு எழுதிற்று. 2000ஆம் ஆண்டில் வளர்ப்புக்கே தடை விதித்தது. தமிழகத்திலும் மாவட்ட ஆட்சியர்கள் பன்முறை எச்சரித்துள்ளனர். கிருட்டிணகிரி போன்ற பகுதிகளில் பண்ணைகளை அழித்தும் உள்ளனர். ஆயினும் மீன் ஒழிந்தபாடில்லை.

பண்ணைக்குழி வெள்ளத்தில் உடைந்தால் மீன் ஆற்றுக்குப் போகும். ஆற்றுக்குப் போன மீனை எவராலும் திரும்ப அழைக்க முடியாது. தேக்கடியில் உள்ள பெரியாற்று நீர்த்தேக்கத்திலும் இம்மீன் இருப்பதை ஆய்வாளர் கண்டு பதிந்துள்ளனர். அவ்வேரியோ உலகில் வேறெங்கும் இல்லாத மீன்வகைகள் சில வாழும் இடம். அந்த ஏரிநீர்தான் சுரங்க வழியாக நம் வயலுக்கு வருகின்றது என்பதை இவ்வவையில் நான் எடுத்துச்சொல்ல வேண்டுவதில்லை. மலைக்கு அப்பால் நடப்பது நம் வாய்க்காலில் எதிரொலிக்கும்.

தடை இருக்கின்றது, மீன் ஏன் ஒழியவில்லை? கரணியம் பலவுண்டு. அவற்றுள் ஒன்றை மட்டும் மொழிப்பற்றாளராகிய உங்கள்முன் அழுத்திச் சொல்கின்றேன். தடைசெய்யப்பட்ட அம்மீன் தன் பெயரோடு சந்தைக்கு வருவதில்லை. கெளுத்தி என்று சொல்லி விற்கின்றார்கள். உயிர்க்கெளுத்தி, குளத்துமீன் என்று சொல்லி விற்கின்றார்கள். நகரத்துக் கடைகளிலும் உண்டிச்சாலைகளிலும் 'கேட்ஃபிசு' என்னும் ஒரே ஆங்கிலச் சொல்லால் மீசையுள்ள மீன்களையெல்லாம் ஒரே கூடையில் கொட்டிவிடுகின்றார்கள். பூனைமீன் என்று அதையே மொழிபெயர்த்து எழுதுவாரும் உளர். மீசையிருப்பதெல்லாம் பூனை என்றால், எது நாட்டுமீன், எது தடைமீன் என்று வாங்குவோன் எவ்வாறு அறிவான்? தேளி, கெளுத்தி, வாளை, ஆப்பிரிக்கக் கெளுத்தி என்று நான்கு பெயர் அறிந்தவனை ஏய்க்க முடியாது. ஒரு பெயர் அறிந்தவனை எளிதில் ஏய்க்கலாம். சட்டம் எழுதியது அரசு. அச்சட்டத்துக்குக் கண்ணாக இருக்க வேண்டியது மக்களின் சொல். கண் மங்கினால் சட்டம் குருடாகும்.

எனவே வேறுபடுத்தும் முறையைக் கேளுங்கள். மீனின் முதுகைப் பாருங்கள். முதுகில் சிறிய துடுப்பு ஒன்று மட்டும் தலைக்குப் பின்னே தனியாய் நின்றால் அது தேளி. முதுகுத்துடுப்பு தலைக்குப் பின்னே தொடங்கி வால்வரை நீண்டோடினால் அது மாகுர் இனத்தைச் சேர்ந்தது. நாட்டுமீனாகவும் இருக்கலாம், ஆப்பிரிக்க மீனாகவும் இருக்கலாம். கிலோக் கணக்கில் கனத்து, அகன்ற தட்டைத் தலையோடு, சாம்பல் மேனியில் பளிங்குபோல் கருந்திட்டுகள் படர்ந்து, வெண்வயிற்றோடு இருந்தால் அதனை ஆப்பிரிக்க மீன் என்றே ஐயுறுங்கள். நம் நாட்டு உறவுமீன் ஒன்றரை அடியைத் தாண்டுவது அரிது. இவ்வளவுதான் பாடம். ஒரு பள்ளிச் சிறுவன் ஒரு மணித்துளியில் கற்றுக்கொள்வான்.

இங்கே ஓர் அன்பர் எழுந்து கேட்கலாம்: ஐயா, அம்மீன் மலிவாகக் கிடைக்கின்றது, ஏழை வாங்கி உண்கின்றான், அதைத் தடுத்தால் அவன் எதை உண்பான்? நேரிய கேள்வி. ஏழையின் உண்கலத்திலிருந்து ஊனைப் பறிக்கச் சொல்லும் எந்தக் கொள்கையும் எனக்கு உடன்பாடன்று. ஆனால் கணக்கைச் சரியாகப் பார்க்க வேண்டும். முன்பு அதே ஏழைக்குக் காசில்லாமல் குளத்துமீன் கிடைத்தது. அந்தக் குளத்தைக் கெடுத்து, மீனை ஒழித்து, பிறகு கழிவுபோட்டு வளர்த்த மீனை அவனுக்கே காசுக்கு விற்பது மலிவாகாது. அம்மீன் பொதுநீரில் புகுந்து எஞ்சிய கெண்டையையும் அயிரையையும் தேளிக்குஞ்சையும் தின்றுவிட்டால், நாளை அவனுக்கு அதுவும் இல்லை.

தேளி குறைந்ததற்கு ஆப்பிரிக்க மீன் ஒன்றே பொறுப்பு என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் கூடாது. வயலில் தெளிக்கும் பூச்சிக்கொல்லி நஞ்சு முதலில் வாய்க்கால் மீன்குஞ்சைக் கொல்கின்றது. கண்மாய்கள் மண்மேடிட்டுச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கின்றன. வரத்துக் கால்வாய்கள் அடைபட்டுள்ளன. ஊர்ச்சாக்கடை குளத்தில் விழுகின்றது. தேளி அதிலும் பிழைத்துக்கிடக்கும் என்பது உண்மைதான். ஆனால் சாக்கடையில் பிழைத்த மீனின் உடலில் அச்சாக்கடையின் கேடும் சேரும். அதை உண்ணலாகாது. தூய குளத்து மீனே உணவு.

இன்னொன்றும் உண்டு, அதுவும் பெயர் பற்றியதே. மீன்வளர்ப்புக் கையேடுகளில் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய வடபுலத்துக் கெண்டைகளை விடுமுன், குளத்தில் ஏற்கெனவே இருக்கும் மீன்களை ஒழிக்கச் சொல்லியிருப்பார்கள். இலுப்பைப் பிண்ணாக்கைக் கரைத்துவிட்டால் அவை மயங்கிச் சாகும். அவ்வாறு ஒழிக்கப்படும் மீன்களுக்கு அவர்கள் வைத்த பொதுப்பெயர் களைமீன், கொன்றுண்ணி மீன் என்பன. வளர்ப்புக்குளத்துக்கு அது ஒரு தொழில்முறை. அதன் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊர்ப்பொதுக் கண்மாயில், தலைமுறை தலைமுறையாய் அங்கேயே பிறந்து வளர்ந்த தேளியையும் வராலையும் களை என்று அழைத்தால் என்ன பொருள்? வீட்டுக்காரனை வீட்டிலேயே வழிப்போக்கன் என்று பெயரிட்டு வெளியேற்றுவது போன்றதன்றோ! களை என்று பெயரிட்டபின் பிடுங்குவதற்குக் கை கூசுவதில்லை. தேளி என்று பெயரிட்டால் காப்பதற்கு மனம் வரும்.

தமிழன்பர்களே, இனி நான் சொல்வது நம் இயக்கத்தார்க்கே. பிறமொழிச் சொல்லை நீக்கித் தூயசொல் ஆக்குவதில் நாம் பெரும்பணி செய்துள்ளோம். ஊர்திக்கும் பொறிக்கும் மின்கருவிக்கும் சொல் படைத்துள்ளோம். அப்பணி தொடரட்டும். ஆனால் ஆக்கிய சொல்லைவிடப் பழமையானது வழங்கும் சொல். கழகச் செய்யுள்களில் வாளையும் வராலும் ஆரலும் அயிரையும் கயலும் நீந்துகின்றன. புலவர் அவற்றை ஏட்டிலிருந்து கற்கவில்லை, மீன்பிடிப்பவனின் வாயிலிருந்தும் மீன் விற்பவளின் வாயிலிருந்தும் கற்றனர். நம் தூயதமிழ் அகரமுதலிகள் அம்மக்களின் குடிசைவாயிலில் நின்று கேட்க வேண்டும். உளுவை என்றால் எது? குறவை எது? ஆராலும் ஆரலும் ஒன்றா? ஒரே மீனுக்குக் கூடலூரில் ஒரு பெயரும் பெரியகுளத்தில் ஒரு பெயரும் வழங்கினால் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றைச் சரியென்று வைத்து மற்றதை வெட்டாதீர்கள். ஒரு மீனுக்கு நாலு பெயர் இருப்பது மொழியின் வறுமையன்று, செல்வம்.

சொல் போனால் மீன் போகும். மீன் போனால் சொல்லும் போகும். இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன. ஆதலால் செய்யத்தக்க சிலவற்றைச் சொல்லி அமைகின்றேன்.

முதலாவது, மீன்கடையில் பெயர் சொல்லிக் கேளுங்கள். இது என்ன மீன் என்று கேட்டு, விற்பவர் கெளுத்தி என்றால் எந்தக் கெளுத்தி என்று மறுமுறையும் கேளுங்கள். ஆப்பிரிக்க மீன் என்று தெரிந்தால் வாங்காதீர்கள். மீன்வள அலுவலர்க்குத் தெரிவியுங்கள்.

இரண்டாவது, அந்த மீன் கையில் சிக்கினால் இரக்கப்பட்டோ வேண்டுதல் என்றோ குளத்திலும் ஆற்றிலும் விடாதீர்கள். அழகுமீன் தொட்டியில் வளர்த்து அலுத்துப்போன அயல்மீனையும் விடாதீர்கள்.

மூன்றாவது, கண்மாய் மீன்பிடி குத்தகைக்குப் போகும்போது ஊரார் கூடி ஒரு நெறி வைக்க வேண்டும். கோடையில் கடைசிச் சேறுவரை அரித்தெடுக்காமல், ஆழமான மடு ஒன்றை விதைமீனுக்காக விட்டுவைக்க வேண்டும். புதுநீர் வரும் நாள்களில் கரையோரத்துச் சிறுமீனைப் பிடிக்கலாகாது. நஞ்சு கலக்கியோ மின்சாரம் பாய்ச்சியோ மீன் பிடித்தவனை ஊரே தடுக்க வேண்டும்.

நான்காவது, தேளிக்குஞ்சை ஆக்கிப் பெருக்குவது முடியாத செயலன்று. இந்நாட்டில் ஊக்கநீர் செலுத்தி முட்டையிடச் செய்த மீன்களுள் தேளியே முன்னணியில் நின்றது. இராமசாமி, சுந்தரராசு என்னும் இரு அறிவியலார் 1956லேயே அதைச் செய்து உலக ஆய்விதழில் வெளியிட்டனர். அறுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கையிலிருக்கும் அறிவு இது. வைகை அணைப் பகுதியில் அரசின் மீன்விதைப் பண்ணை உண்டு. கெண்டைக் குஞ்சோடு தேளிக்குஞ்சையும் உழவர்க்குத் தாருங்கள் என்று நம் ஊராட்சிகள் எழுதிக் கேட்கலாம். வயலோரத்துச் சிறுகுழியிலும் வளரக்கூடிய மீன், பெருமுதல் வேண்டாம், நல்ல விலையும் உண்டு.

ஐந்தாவது, ஆசிரியப் பெருமக்களுக்கு. உங்கள் மாணவரை ஒரு விடுமுறைநாளில் கண்மாய்க்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். மீன்பிடிக்கும் பெரியவர் ஒருவரிடம் உட்காரவைத்து, வலையில் விழுந்த ஒவ்வொரு மீனின் பெயரையும் கேட்டு எழுதச் செய்யுங்கள். எப்படிப் பிடிப்பது, எப்போது முட்டையிடும், எப்படிச் சமைப்பது, எது குத்தும் என்பவற்றையும் எழுதட்டும். அந்த நோட்டேடு எந்த அகரமுதலிக்கும் குறைந்ததன்று.

தாய்மார்களே, இறுதியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை தூய குளத்துத் தேளி கிடைத்துக் குழம்பு வைத்தால், பிள்ளைகளுக்கு மீன்குழம்பு என்று சொல்லிப் பரிமாறாதீர்கள். தேளிக்குழம்பு என்று சொல்லிப் பரிமாறுங்கள். ஏன் அந்தப் பெயர் என்று அவர்கள் கேட்பார்கள். ஒடித்துப்போட்ட அந்த இரண்டு முட்களை எடுத்துக் காட்டுங்கள். இவ்வளவு நேரம் நான் பேசியதைவிட அது நன்றாக விளக்கும்.